ரோசா மிஸ் விட்டுப்போன மெழுகுதிரித் தண்டு

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் கனகேஸ்வரி அக்காவின் கதவைத் தட்டக்கூடாது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிற எங்கள் தொடர்மாடிக்கே இது தெரியும். தெரிந்துகொண்டும் தட்டுகிறவள் நான் ஒருத்திதான். எதிர்க் கதவில் இருந்துகொண்டு தட்டாமல் இருப்பது எப்படி?

தட்டினால் முதலில் புளி மணக்கும். பிறகுதான் அக்கா தெரிவார். குளியலறை வாசலில் பலகையைப் போட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு, பழப்புளியும் சாம்பலுமாய் விளக்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, கற்பூரத் தட்டு, செம்பு. கடைசியில் பிராசோ பொலிஷ். அதற்கும் மேலே திருநீறு. வெள்ளிக்கிழமை அவருடைய சுவரில் அடித்த சாமித்தட்டைப் பார்த்தால் கண் கூசும். அவருடைய மருமகள்மார் எவரும் அந்த வீட்டில் நிலைக்காததற்கு அந்தப் பளபளப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது வேறு கதை.

அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு குலம். வெள்ளியில் செய்த மெழுகுதிரித் தண்டு. முழங்கை உயரம், மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி அகன்ற பாதம், உடம்பைச் சுற்றித் திராட்சைக் கொடி. மெழுகுதிரி செருக வேண்டிய குழியில் அக்கா தேங்காயெண்ணெய் விட்டுத் திரி போட்டிருப்பார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் அது வெள்ளிதோறும் எரியும்.

அது ரோசா மிஸ்ஸின் பொருள். ரோசா மிஸ் என்பவர் ஐரோப்பாவிலிருந்து பெரிய யுத்தத்துக்குச் சற்று முந்திக் கொழும்புக்கு வந்த யூதப் பெண். இந்த இடத்தில் முன்பு நின்ற வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்து, பணக்காரப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர். அவருடைய தாய் தகப்பனை அங்கே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். தங்கச்சி ஒருத்தி தப்பினாளா இல்லையா என்று தெரியாது. அந்தத் தங்கச்சியிடம் இருந்த ஒரே விலாசம் இந்த வெள்ளவத்தை வீடு. அதனால்தான் ரோசா மிஸ் முப்பது வருசத்துக்கு மேல் இடத்தை விட்டு அசையாமல் இருந்தார். கடைசியில் உடம்பு ஏலாமல் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது, சோடியாய் இருந்த தண்டுகளில் ஒன்றைக் கொண்டுபோனார். மற்றதை வீட்டுக்காரியிடம், அதாவது கனகேஸ்வரி அக்காவின் மாமியிடம், கொடுத்தார்.

“இதில அம்மாவின்ர பேர் கிடக்கு. நான் கொண்டுபோறதில அப்பாவின்ர பேர். தங்கச்சி வந்தால் அம்மாவின்ரயைத்தான் கேப்பாள். வாறவளுக்கு இதைக் காட்டுங்கோ” என்றாராம். வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடமுன்னம் இதில் விளக்கேற்றுவது தங்கள் வழக்கம் என்றும் சொன்னாராம். மாமிக்கு இது சரியாய்ப் பிடித்துப் போயிற்று. “வெள்ளிக்கிழமையிலயோ? அப்ப அவையும் எங்கட ஆக்கள்தானே” என்று தண்டைச் சாமித்தட்டில் ஏற்றிவிட்டார். அக்கா அந்த வருசம்தான் கலியாணம் முடித்து வந்தவர். பக்கத்தில் நின்று பார்த்தவர்.

எண்பத்துமூன்று கலவரத்தில் அந்த வீட்டைக் கொளுத்தினார்கள். மாமியும் மருமகளும் பின்மதிலால் ஏறி ஓடினார்கள். அகதி முகாமில் போய்ப் பார்த்தால், மாமியின் நகைப்பெட்டி நெருப்போடு போய்விட்டது, கலியாண அல்பங்கள் போய்விட்டன, அக்காவின் சேலைச் சுருட்டுக்குள் ரோசா மிஸ்ஸின் தண்டு மட்டும் இருந்தது. “என்னடி, எடுக்கிறதுக்கு உனக்கு வேற சாமான் கிடைக்கேல்லையே?” என்று மாமி முகாமில் வைத்தே ஏசினாராம். அக்கா சொன்ன பதில்: “மாமி, அது எங்கட இல்லையே. எங்கட சாமான் எரிஞ்சால் எங்களுக்குத்தானே நட்டம்.”

இந்தக் கதையை அக்கா என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கேட்காதீர்கள். எனக்கே சலித்துப்போய், நடுவில் நானே வசனம் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

தங்கச்சி வரவில்லை. ஒருவரும் வரவில்லை. மாமி போய்ச் சேர்ந்தார். அக்காவின் கணவர் சிவபாதசுந்தரமும் போய்ச் சேர்ந்தார். கடைசியில் வந்தது ஒரு மின்னஞ்சல்.

அது வந்தது மகன் சுகிர்தனுக்கு. வங்கியில் வேலை, ஆறுமணிக்கு வீட்டுக்கு வந்தால் தொலைபேசியில் இருந்து தலை நிமிர்த்தாத பிள்ளை. அன்றைக்கு நிமிர்ந்தான். அனுப்பியது அவுஸ்திரேலியாவில், பழம்பொருட்களைக் காட்சிக்கு வைக்கிற ஒரு சின்ன நூதனசாலை. ரோசா மிஸ் சாகமுதல் தன் தண்டை அதற்குக் கொடுத்திருக்கிறார். மற்றது வெள்ளவத்தையில் சிவபாதசுந்தரம் வீட்டில் இருக்கிறது என்றும் வாயால் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். அப்படியொரு நீளமான பெயரோடு இணையத்தில் தேடினால் சுகிர்தன் அகப்படாமல் வேறு யார் அகப்படுவான்?

நூதனசாலையில் இருந்து நவோமி என்று ஒருத்தி நேரே வருகிறாளாம். இந்தச் செய்தி அக்கா வாயிலிருந்து வரமுதல் மீன்காரன் வாயிலிருந்து எனக்கு வந்துவிட்டது. அக்கா அந்தக் கிழமை முழுக்க மச்சம் வேண்டாம் என்றிருக்கிறார்.

நவோமி வந்த காலையில் நானும் போனேன். சும்மா போகவில்லை, மா அரிக்கிற அரிதட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அரிதட்டு இரண்டு மாதமாய் என்னிடம் இருந்ததை அக்காவும் பெரிதுபடுத்தவில்லை. தண்டு மேசை நடுவில், வெள்ளைத் துணியில் நின்றது. மூன்று தரம் தேய்த்ததாம். யன்னல் வெயில் அதில் பட்டு முகட்டில் ஆடியது.

நாற்பது வயதிருக்கும், மெலிந்த பிள்ளை நவோமி. அக்கா நீட்டிய மரக்கறி ரோல்ஸை எடுக்கவில்லை, வாழைப்பழம் மட்டும் எடுத்தாள். சுகிர்தன் ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தான். பாதியை விழுங்கிவிடுவான் என்று எனக்குத் தெரியும், ஆகவே நானும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் முதலில் தொலைபேசியில் தங்களிடம் உள்ள தண்டின் படத்தைக் காட்டினாள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார்.

“ஐயோ, இதென்ன தம்பி, தார் பூசின மாதிரிக் கரிக்கட்டையாய்க் கிடக்கு! கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சால் காணுமே? அந்த நூதனசாலையில விளக்குத் தேய்க்க ஒரு பொம்பிளை இல்லையோ எண்டு கேள்.”

சுகிர்தன் கேட்கவில்லை. நவோமி விஷயத்துக்கு வந்தாள். அவர்களுடைய நூதனசாலையில் வருசத்துக்கு ஒரு நாள், யுத்தத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வாய்விட்டு வாசிப்பார்கள். அந்தச் சனத்துக்குக் கல்லறை கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு எல்லாம். ரோசா மிஸ்ஸின் தகப்பன் பெயர் கறுத்த தண்டின் பாதத்தில் எபிரேய எழுத்தில் இருக்கிறது: மோர்தெகாய். தாயின் பெயர் யாருக்கும் தெரியாது. ஊர்ப் பதிவெல்லாம் எரிந்துபோயிற்று. ஆகவே வருசா வருசம் ‘மோர்தெகாய், அவருடைய மனைவி’ என்றுதான் வாசிக்கிறார்களாம்.

“ஏன், ரோசா மிஸ்ஸைக் கேட்டிருக்கலாமே?” என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லைதான்.

கேட்டிருக்கிறார்கள். பதிவில் அந்தக் கேள்வியும் இருக்கிறதாம். ரோசா மிஸ், “அது மற்றதில எழுதியிருக்கு, போய்ப் பாருங்கோ” என்று மட்டும் சொன்னாராம். சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் சில பேரால் சில பெயரை வாயில் எடுக்க முடியாது. எங்கள் மாடியிலும் அப்படி ஒரு தாய் இருக்கிறார், மகனை யாரோ வெள்ளை வானில் ஏற்றிக் கொண்டுபோன நாளிலிருந்து.

நவோமி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தண்டைத் தூக்கினாள். சுற்றிப் பார்த்தாள். யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பார்த்தாள். சின்ன வெளிச்சம் ஒன்றைப் பாதத்தில் அடித்தாள். பிறகு ஏதோ மெதுவாய்க் கேட்டாள்.

“வேற தண்டு ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா, அம்மா.”

“வேற தண்டோ? இதைத்தானே நான் நெருப்புக்குள்ளால கொண்டந்தனான்! என்ன கதை கதைக்கிறா இவ?”

“இல்லையம்மா. இதில எழுத்தில்லையாம்.”

“அடியில பாக்கச் சொல்லு. வட்டமாய், எறும்பு ஊர்ந்த மாதிரி. ரோசா மிஸ் விரல் வைச்சுக் காட்டினவ.”

அக்கா எழும்பிப் போய்த் தானே விரலை வைத்தார். பாதத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். இன்னொரு தரம் ஓட்டினார். மூன்றாம் தரம் ஓட்டும்போது அவருடைய விரல் நடுவழியில் நின்றது. அவர் முகத்தைப் பார்க்க நான் முன்னுக்கு எட்டினேன். பார்த்திருக்கத் தேவையில்லை.

ஐம்பது வருசம். வாரம் ஒரு தரம். பழப்புளி, சாம்பல், பிராசோ, திருநீறு. தங்க நகையே தேயும். நூதனசாலைக்காரர் ஒரு துணியாலும் துடைக்காமல் கரியாய்ப் போட்டு வைத்த தண்டில் தகப்பன் பெயர் நேற்று வெட்டின மாதிரி இருக்கிறது. அக்கா சாமி மாதிரிப் பார்த்த தண்டில் தாயைக் காணவில்லை.

நவோமி கோபிக்கவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. தண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம், வெட்டின எழுத்தின் அழுத்தம் சிலவேளை உலோகத்துக்குள்ளே தங்கியிருக்கும், விசேஷ வெளிச்சத்தில் தெரியக்கூடும் என்றாள். அக்கா உடனே தண்டை அவளிடம் கொடுத்துவிட்டார். கொடுக்கத்தானே வைத்திருந்தது.

அவள் போன பிறகு அக்கா குசினிப் பக்கம் திரும்பினார். அங்கே மயிலம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மலைநாட்டு ஹட்டன் பக்கத்தவள், பாமன்கடைப் பகுதியில் மகளோடு இருந்துகொண்டு இந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள்.

“உன்ர முரட்டுக் கைதான் மயிலம்மா. கம்பித் தும்பு போட்டு உரஞ்சியிருப்பாய்.”

மயிலம்மா குழாயைப் பூட்டினாள். “ஏம்மா, அந்தச் சாமி தட்டுப் பக்கம் என்னைய என்னைக்கு வுட்டீங்க? ‘நீ தொடாத, நீ தொடாத’ன்னு சொல்லிச் சொல்லி நீங்கதானே தேச்சீங்க? இப்ப பழி மட்டும் எனக்கா?”

அக்கா திரும்பி வந்து மேசையில் கிடந்த வெள்ளைத் துணியை மடித்தார். அந்த வீட்டில் அக்கா தோற்றதை நான் அன்றுதான் முதல் தரம் கண்டேன். சந்தோசப்பட வேண்டும் போல இருந்தது. வரவில்லை.

ஆய்வுகூடத்துப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் அக்கா வைத்த நேர்த்திகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். பம்பலப்பிட்டிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய். கொட்டாஞ்சேனை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி. காணாமல் போன சாமானை எடுத்துத் தருகிறவர் அவர்தானே, சைவமென்றால் என்ன. “யூத ஆக்களுக்கு எந்தக் கோயில் எண்டு தெரிஞ்சால் அங்கயும் போவன்” என்றார். கொழும்பில் அப்படி ஒன்று இல்லை என்று சுகிர்தன் தேடிப் பார்த்துச் சொன்னான்.

பதில் மாசியில் வந்தது. பாதத்தின் தகடு கடதாசி அளவுக்குத் தேய்ந்திருக்கிறதாம். எழுத்து மட்டுமல்ல, எழுத்தின் அழுத்தம் போய்ச் சேர்ந்த இடமும் போய்விட்டதாம். இனி எடுக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு தண்டும் ஒன்றாய் ஒரே பெட்டிக்குள் இருக்கும், உங்களுக்கு நன்றி என்று நவோமி எழுதியிருந்தாள். படமும் அனுப்பியிருந்தாள். ஒன்று கறுப்பு. ஒன்று வெளிச்சம். கலியாணத்துக்கு வந்த இரண்டு சம்பந்திமார் மாதிரி ஒட்டாமல் நின்றன.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. “கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, என்ர கைக்குத் தெரியும்” என்றார். “எத்தினை வருசம் அந்த எழுத்துக்கு மேலால விரலைக் கொண்டு போனனான். ஒரு பேப்பர் தா.”

சுகிர்தன் கொடுத்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். வலமிருந்து இடமா, இடமிருந்து வலமா என்று தெரியாமல் நடுவில் தொடங்கினார். ஒரு மத்தியானம் முழுக்க எழுதினார், கிழித்தார், எழுதினார். கடைசியில் ஐந்து வடிவம் தேறியது. நான் எட்டிப் பார்த்தேன். ஒன்று எங்கள் ‘ப’ மாதிரி இருந்தது. ஒன்று அசல் ‘ட’. மற்றதை ‘ல’ என்று சின்னப் பிள்ளையும் வாசிக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் சில நேரம் வாய் மூடியிருக்கும்.

நவோமி அதையும் வாங்கி, படித்தவர்களுக்குக் காட்டி, மரியாதையாய்ப் பதில் எழுதினாள். ஒரு வடிவத்தை வைத்துப் பார்த்தால் நான்கைந்து பெண் பெயர்கள் வரலாம், வராமலும் விடலாம், எதையும் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது.

“அப்ப அதில ஒண்டை வாசிக்கட்டுமன், அக்கா” என்றேன். “ஒண்டுமில்லாததுக்கு அது பரவாயில்லைத்தானே.”

“உன்ர கொம்மாவுக்குத் திவசம் செய்யேக்க வேற ஆரின்ரயோ பேரைச் சொல்லி எள்ளுத்தண்ணி இறைப்பியோ?”

“அது எப்பிடி?”

“பின்ன?”

வாசிக்கிற நாள் சித்திரை பிறந்த கையோடு வந்தது. சுகிர்தன் லீவு போட்டுத் தன் கணினியில் நேரலை பிடித்துத் தந்தான். அக்கா குளித்து, நல்ல சேலை உடுத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். திரையில் ஒரு சின்ன மண்டபம். ஒருவர் மாறி ஒருவர் வந்து வாசித்தார்கள். பெயர், பெயர், பெயர். விளங்காத பாசையில் பெயர்கள் மட்டும் விளங்கின. அரைவாசியில் எனக்குக் கொட்டாவி வந்தது. மயிலம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டேயிருந்தாள்.

நவோமி வந்தாள். மோர்தெகாய் என்றது எல்லோருக்கும் கேட்டது. அடுத்து ஏதோ இரண்டு சொல். அடுத்து வேறு ஒரு குடும்பம்.

அக்கா காத்திருந்தார். இன்னும் பத்துப் பேரின் பெயர் போயிற்று.

“எப்ப தம்பி அந்த மனிசியைச் சொல்லுவினம்?”

“சொல்லியாச்சம்மா.”

“எப்ப?”

சுகிர்தன் தலை நிமிர்த்தவில்லை. கணினியையும் மூடவில்லை. அது பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் புளி மணக்கவில்லை. தட்டினால் கதவு திறந்தது. குத்துவிளக்கில் பச்சை ஏறத் தொடங்கியிருந்தது. “நான் தேய்ச்சுத் தரட்டே, அக்கா?” என்று வாய் தவறிக் கேட்டு, வாழ்நாளில் வாங்காத பேச்சு வாங்கினேன்.

சித்திரா பௌர்ணமி வந்தது. தாயை இழந்தவர்கள் விரதம் பிடித்துக் கோயிலில் மோட்ச அருச்சனை செய்கிற நாள். வழக்கமாய் நானும் அக்காவும் சேர்ந்துதான் போவோம், எனக்கு என் அம்மா, அவருக்கு அவர் அம்மா. இந்த முறை அக்கா கையில் இரண்டு அருச்சனைத் தட்டு இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. என்ன நடக்கும் என்றும் விளங்கிவிட்டது. ஆனாலும் போகாமல் இருக்க முடியுமா?

வெயில் ஏறமுதலே சனம். வரிசை வெளி வீதிவரை வந்திருந்தது. அய்யருக்கு மூச்சுவிட நேரமில்லை. தட்டை வாங்குவார், “பேர்?” என்பார், சொன்னதும் மந்திரத்துக்குள் பெயரைச் செருகிவிட்டு அடுத்த தட்டுக்குக் கை நீட்டுவார். அக்கா முதல் தட்டைக் கொடுத்துத் தன் தாயின் பெயரைச் சொன்னார். பிறகு இரண்டாவது தட்டை நீட்டினார்.

“பேர்?”

அக்கா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டினார்.

“பேர் அம்மா, தவறிப்போனவவின்ர பேர்?”

“பேர் தெரியாது, அய்யா.”

“உங்களுக்கு என்ன முறை?”

“ஒரு முறையுமில்லை.”

அய்யர் அப்போதுதான் முதல் தரம் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிசன், வேலைக் களைப்புத்தான். “தெரியாட்டிப் பாதகமில்லை. பார்வதி எண்டு சொல்லுங்கோ. எல்லாரும் அவதானே” என்றார்.

“இல்லை, அய்யா. அவவுக்கு ஒரு பேர் இருந்தது.”

பின்னால் நின்ற ஒருத்தி, “கெதியாய்ச் சொல்லுங்கோவன், நாங்களும் நிக்கிறம்” என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண் சிங்களத்தில் யாரோ ஒரு பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்தாள். அய்யர் இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு தட்டில் இருந்த பூவில் ஒன்றை எடுத்துச் சாமி பக்கம் போட்டுவிட்டு, தேங்காயை உடைக்காமலே தட்டைத் திருப்பி அக்கா கையில் கொடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். போகவில்லை. தூணுக்குப் பக்கத்தில் தட்டோடு அப்படியே நின்றார்.

அடுத்தது நான்.

“பேர்?”

“அன்னலட்சுமி” என்று என் அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரல் எனக்கு. அன்றைக்கு எனக்கே சரியாய்க் கேட்கவில்லை. அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அய்யர் காதைச் சரித்தார். “பலமாய்ச் சொல்லுங்கோ அம்மா.”